வேலி வெட்டாத ஆறு மாதங்கள்

நான் பன்னிரண்டு வயதுச் சிறுவனாயிருந்தபோது நடந்த ஒரு சிறு சம்பவத்தோடு இவ்வாரக் கட்டுரையைத் தொடங்க விரும்புகிறேன். எங்கள் வளவைச் சுற்றி, யாழ்ப்பாணத்து வளவுகள் எல்லாவற்றையும் போலவே, கிளுவையும் பூவரசும் கலந்த கதியால் வேலி நின்றது. புகையிலைத் தோட்டத்துக்குக் குழை வெட்டும் காலம் வந்தால் அந்த வேலியின் தலையைக் கொய்து கட்டுக்கட்டாக அள்ளிச் செல்வார்கள். அவ்வருஷம் அந்த வேலை எனக்கும் கிடைத்தது. கொக்கைச்சத்தகத்தைத் தூக்கிக்கொண்டு, பெரிய மனிதனாகிவிட்ட பெருமிதத்தோடு இழுத்து இழுத்து வெட்டினேன்.

பத்தாவது கதியாலோ பதினோராவது கதியாலோ நினைவில்லை. வெட்டுண்ட கிளையோடு ஒரு கூடும் கீழே விழுந்தது. நீல மணிகளைப் போன்ற மூன்று முட்டைகள். மூன்றும் உடைந்துவிட்டன. அவை புலுனியின் முட்டைகள். அன்று முழுவதும் அப்பறவைகள் கூட்டமாக வந்து வேலியோரத்தில் கத்திய கத்தல் இன்னும் என் காதை விட்டு நீங்கவில்லை.

என் பாட்டனார் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோபிக்கவில்லை. அழுதுகொண்டு நின்ற என்னிடம், “எனக்குத் தெரியாது அப்பு, கண்டிருந்தால் வெட்டியிருக்க மாட்டேன்” என்று சொல்லவும் இடந்தந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “கண்டிருந்தால் ஒருவரும் வெட்டார் தம்பி. காணாமல் வெட்டுவதுதான் உலகத்தில் நடக்கிறது. ஆகையால் குருவி கூடு கட்டும் காலத்தில் வேலியில் கை வையாதே. கூடு இருக்கிறதா என்று பார்க்கவும் வேண்டாம்; காலத்தைப் பார்.”

கூட்டைப் பார்க்காதே, காலத்தைப் பார். எழுத்தறிவு அதிகமில்லாத ஒரு கமக்காரர் சொன்ன அந்த வாக்கியத்தின் பொருள், பல வருஷங்களுக்குப் பின்னர், உலகத்தின் மறுகோடியிலுள்ள அயர்லாந்து தேசத்தின் சட்டம் ஒன்றைப் படித்தபோதுதான் எனக்கு முழுவதும் விளங்கிற்று. அந்தச் சட்டத்தைப் பற்றியே இன்று நேயர்களோடு பேச எண்ணுகிறேன்.

பச்சைக் கோடுகளின் நாடு

அயர்லாந்தை ஆகாய விமானத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு முதலில் தென்படுவது, சிறுசிறு பச்சைத் துண்டுகளாகப் பிரிக்கப்பட்ட புல்வெளிகளும், அவற்றை ஒன்றோடொன்று தைத்தாற்போல ஓடும் கரும்பச்சைக் கோடுகளுமே. அக்கோடுகள்தாம் உயிர்வேலிகள். அவற்றிற் பெரும்பாலானவை பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் நிலங்கள் எல்லை வகுக்கப்பட்டபோது நாட்டப்பட்டவை. கிராம எல்லைகளில் நிற்பவை சில அவற்றிலும் பழைமையானவை.

அந்த வேலிகளின் முக்கிய மரம் ஹோதோர்ன் என்பது. வெண்முள் என்றும் அதை அங்குள்ளோர் அழைப்பர். மே மாதத்தில் பால் நுரை பொங்கினாற்போல வெள்ளைப் பூப் பூத்து, இலையுதிர் காலத்தில் சிவந்த சிறு கனிகளைத் தரும். அதனோடு கருமுள், காட்டு ரோஜா, முட்பழக் கொடிகள், ஐவிக் கொடி ஆகியனவும் பின்னிப் படர்ந்திருக்கும். மாட்டை மறிப்பதற்கென்று மனிதன் நாட்டிய வேலி, காலப்போக்கில் ஒரு நீண்ட ஒடுங்கிய காடாகவே மாறிவிட்டது.

இங்கே ஒரு விஷயத்தை நாம் மனத்திற் கொள்ளவேண்டும். ஒரு காலத்திற் காடடர்ந்திருந்த அயர்லாந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு நிலத்திலேயே காடு கொண்டிருந்தது. மரங்கள் அனைத்தும் கப்பலுக்கும் விறகுக்கும் விளைநிலத்துக்குமாக வெட்டப்பட்டுவிட்டன. காட்டை இழந்த பறவைகளும் சிறு பிராணிகளும் எங்கே போகும்? வேலிக்குள்ளே புகுந்துகொண்டன. ராபின் என்னும் செம்மார்புக் குருவி, ரென் என்னும் மிகச் சிறிய குருவி, கரும்பறவை எனப்படும் இனிய குரலோன், முள்ளெலி, வௌவால், தேனீ, வண்ணத்துப்பூச்சி ஆகிய இத்தனை உயிர்களுக்கும் வேலிதான் வீடு, வேலிதான் வீதி, வேலிதான் உணவுச்சாலை. ஒரு தோப்பிலிருந்து இன்னொரு தோப்புக்குப் போகும் வௌவால் கூட வெட்டவெளியைக் கடப்பதைத் தவிர்த்து வேலியோரமாகவே பறந்து செல்கிறது.

அந்நாட்டு மக்களுக்கும் அம்முள்மரத்தில் ஒரு பழைய பயபக்தி உண்டு. வயல் நடுவே தனித்து நிற்கும் ஹோதோர்ன் மரம் தேவதைகளின் இருப்பிடம் என்பது அவர்களுடைய நம்பிக்கை. 1999ஆம் ஆண்டில் கிளேயர் மாவட்டத்திலுள்ள லற்றூன் என்ற இடத்தில் பெருந்தெரு ஒன்று அமைக்கும்போது, அத்தகைய மரம் ஒன்று பாதையிற் குறுக்கிட்டது. எடி லெனிஹான் என்ற கதைசொல்லி, அதை வெட்டலாகாது என்று பத்திரிகைகளில் எழுதி வாதாடினார். முடிவில் மரம் வெட்டப்படாமலே தெரு அமைந்தது. நம் ஊர்களில் வைரவர் குடியிருக்கும் மரத்துக்குக் கிடைக்கும் மரியாதையை அறிந்தவர்களுக்கு இது வியப்பாயிராது.

சட்டம் சொல்வது என்ன?

ஆனால் தேவதை எல்லா மரத்திலும் குடியிருப்பதில்லை. குருவியோ எல்லா வேலியிலும் குடியிருக்கிறது. குருவிக்கு எடி லெனிஹானைப் போல வாதாட ஒருவர் எப்போதும் கிடைப்பதுமில்லை. ஆகவே சட்டம் தேவைப்பட்டது.

1976ஆம் ஆண்டில் அயர்லாந்துப் பாராளுமன்றம் வனசீவராசிகள் சட்டத்தை நிறைவேற்றிற்று. அதன் 40ஆம் பிரிவு, குறித்த காலத்துக்குள் எந்த வேலியிலும் வளர்ந்திருக்கும் செடிகொடிகளையோ, பயிரிடப்படாத நிலத்தில் வளர்ந்திருப்பவற்றையோ வெட்டுவதும், கிளறுவதும், எரிப்பதும், வேறு விதமாக அழிப்பதும் குற்றம் என்று கூறுகிறது. முதலில் அக்காலம் ஏப்ரல் 15 முதல் ஆகஸ்ட் 31 வரையாக இருந்தது. ஏப்ரல் நடுப்பகுதிக்கு முன்பே பல பறவைகள் முட்டையிட்டுவிடுகின்றன என்பதை உணர்ந்து, 2000ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் மூலம் அதை மார்ச் 1ஆந் தேதிக்கு முன்னே கொண்டுவந்தார்கள். எனவே மார்ச் 1 தொடக்கம் ஆகஸ்ட் 31 வரை, சரியாக ஆறு மாதங்கள், வேலிக்கு ஓய்வு. செப்டெம்பர் முதல் பெப்ரவரி இறுதி வரை கமக்காரன் தன் வேலியை வெட்டித் திருத்தலாம்.

சட்டம் கண்ணை மூடிக்கொண்டு விதித்த தடை அன்று இது. வேளாண்மையின் சாதாரண வேலைகளுக்கும், பொதுமக்களின் சுகாதாரம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கும், வீதி அமைப்பு வேலைகளுக்கும் விதிவிலக்குகள் உண்டு. வளைவான ஒடுங்கிய கிராமத் தெருவில் வேலி வளர்ந்து எதிரே வரும் வாகனத்தை மறைக்குமானால் உயிராபத்து நேரிடலாமன்றோ? தன் நிலத்து மரமும் வேலியும் வீதியிற் செல்வோருக்கு அபாயம் விளைவியாதபடி பார்த்துக்கொள்வது நிலச் சொந்தக்காரனின் கடமை என்று 1993ஆம் ஆண்டு வீதிச் சட்டமும் கூறுகிறது. ஆகவே ஆபத்தான இடத்தில் ஆபத்தான கிளையை நீக்கலாம். அதைச் சாக்காகக் கொண்டு மைல் கணக்கில் வேலியைச் சிரைத்துவிடக்கூடாது என்பதே சட்டத்தின் கருத்து.

இங்கே மாணவர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். “பறவைக் கூட்டை அழிக்காதே என்று ஒரே வரியில் சட்டமியற்றினாற் போதாதா? ஏன் ஆறு மாதம் முழுவதையும் மூடவேண்டும்?” நல்ல கேள்வி. பறவைக் கூட்டையும் முட்டையையும் காக்கும் விதிகளும் அங்கே இல்லாமலில்லை. ஆனால் கூட்டின் இயல்பே மறைந்திருப்பது. பூனையின் கண்ணுக்கும் காகத்தின் கண்ணுக்கும் தப்பிய கூடு, இயந்திரத்தை ஓட்டிச் செல்லும் மனிதனின் கண்ணுக்கா தென்படும்? உழவு இயந்திரத்தின் பக்கத்தே பொருத்திய சுழலும் வெட்டி, ஒரு மணி நேரத்தில் வெட்டித் தள்ளும் வேலியின் நீளம் பழைய கத்தியால் ஒரு நாள் முழுதும் வெட்டினாலும் ஆகாது. கூடு விழுந்ததை ஓட்டுபவன் அறியவே மாட்டான். பின்னர் நீதிமன்றத்தில், “எனக்குத் தெரியாது” என்பான். அவன் சொல்வது உண்மையாகவுமிருக்கும். அதனாலேதான் கூட்டைத் தேடாமல் காலத்தைக் காவல் வைத்தார்கள். என் பாட்டனார் சொன்னதும் இதுதான்.

ஏன் இந்த மாதங்கள்?

ராபின் குருவி ஏறக்குறைய இரண்டு வாரம் அடைகாக்கும்; குஞ்சுகள் மேலும் இரண்டு வாரம் கூட்டில் இருக்கும். ஒரு குடும்பம் பறந்து சென்றவுடன் தாய் இரண்டாம் முறையும், சில வேளைகளில் மூன்றாம் முறையும் முட்டையிடுகிறது. இப்படியே வசந்தமும் கோடையும் கடந்துவிடுகின்றன. ஏன் இத்தனை முறை? குளிரிலும் பசியிலும் சிறு பறவைகள் ஏராளமாக மடிகின்றன. அவ்விழப்பை ஈடு செய்வதற்கு இயற்கை வகுத்த வழி அது. முதற் கூட்டை மட்டும் காத்து மற்றக் கூடுகளை அழித்தால் கணக்கு ஒத்துவராது.

யெல்லோஹாமர் என்றொரு பறவை உண்டு. மஞ்சட் பூசிக் குளித்தாற்போன்ற தலையுடையது. தானிய வயல்களின் ஓரத்து வேலிகளில் வாழ்வது. மற்றப் பறவைகள் குடும்ப வேலையை முடித்துக்கொண்ட பின்னரும், ஆகஸ்டு மாதத்திலே இது குஞ்சுகளுக்கு இரையூட்டிக்கொண்டிருக்கும். ஒரு காலத்தில் அயர்லாந்தெங்கும் சாதாரணமாயிருந்த இப்பறவை, இன்று பெரிதும் அருகிவிட்டதனால் மிகுந்த கவலைக்குரிய பறவைகளின் சிவப்புப் பட்டியலில் இடம் பெற்றிருக்கிறது. “ஆகஸ்டில் என்ன கூடு இருக்கப்போகிறது?” என்பவர்களுக்கு இப்பறவையே விடை.

கூடுகள் மாத்திரமல்ல, பூவும் கனியும் இக்காலத்தையே சார்ந்தவை. ஹோதோர்ன் மரம் சென்ற வருஷம் வளர்ந்த கொம்பிலேதான் இவ்வருஷம் பூக்கும். ஆண்டுதோறும் ஒட்ட வெட்டப்படும் வேலி பச்சையாக நிற்குமேயன்றிப் பூக்காது; பூவில்லையேல் தேனீக்கு உணவில்லை; கனியுமில்லை. பனிக்காலத்தில் ஸ்கந்தினேவிய நாடுகளிலிருந்து கடல் கடந்து வரும் பறவைக் கூட்டங்கள் அந்தச் சிவந்த கனிகளை நம்பியே வருகின்றன. ஆகவே அனுமதிக்கப்பட்ட காலத்தினுள்ளும், கனிகள் தின்று தீர்ந்த ஜனவரி, பெப்ரவரி மாதங்களிலே வெட்டுவது உத்தமம் என்றும், ஒரே வருஷத்தில் எல்லா வேலியையும் வெட்டாமல் இரண்டு மூன்று வருஷத்துக்கொரு முறை மாறி மாறி வெட்டுவது நன்று என்றும் அறிந்தோர் கூறுகின்றனர்.

கமக்காரனின் வழக்கு

இதுவரை குருவியின் கட்சியைச் சொன்னேன். கமக்காரனின் கட்சியையும் கேட்பதுதானே நீதி?

அயர்லாந்தில் மழைக்குக் குறைவில்லை. பனிக்காலத்தில் நிலம் சேறாகிக் கிடக்கும். சட்டம் வெட்டலாம் என்று அனுமதிக்கும் மாதங்களிலேதான் கனத்த இயந்திரத்தை வயலுக்குள் இறக்கமுடியாது. இறக்கினாற் சில்லுகள் புதைந்து நிலமும் பாழாகும். ஆகஸ்டில் அறுவடை முடிந்து நிலம் காய்ந்து கிடக்கும்போது வெட்டக்கூடாது என்கிறது சட்டம். வேலி வெட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கும் குறுகிய காலத்துக்குள் எல்லா வேலையையும் முடிக்கவேண்டிய நெருக்கடி. தெருவோரத்து வேலி கோடையில் வளர்ந்து பாடசாலைப் பிள்ளைகள் நடக்கும் ஓரத்தை மறைக்கும்போது அவர்களுக்கும் அச்சமே. இவை பொய்யான குறைகள் அல்ல.

மலைநாட்டுக் கமக்காரனுக்கோ இன்னொரு கவலை. அது நெருப்பைப் பற்றியது.

தேங்காய் மணக்கும் முட்செடி

அயர்லாந்து மலைச்சரிவுகளில் கோர்ஸ் என்றொரு முட்செடி வளர்கிறது. ஃபர்ஸ் என்றும் அதற்குப் பெயர். ஐரிஷ் மொழியில் அதனை ஐச்சன் என்பர். இலைகள் எல்லாம் முள்ளாக மாறிவிட்டவை. பூக்களோ பொன் மஞ்சள். வசந்தத்தில் மலை முழுதும் தங்கத் தகடு போர்த்தினாற்போலக் காட்சியளிக்கும். வெயில் ஏறினால் அப்பூக்களிலிருந்து எழும் மணம் நம்மவருக்கு ஓர் ஆச்சரியம்: அது தேங்காயின் மணம்! தென்னையைக் கண்டிராத அக்குளிர் நாட்டு மலைச்சாரலில் தேங்காய்ப்பூ மணப்பதை எண்ணிப் பாருங்கள்.

பழைய காலத்தில் கோர்ஸ் பயனுள்ள செடியாயிருந்தது. முள்ளை நசுக்கிக் குதிரைக்குத் தீனியாகக் கொடுத்தார்கள். பாண் போறணைகளுக்கு அது நல்ல விறகு. அதன் உடலிலுள்ள எண்ணெய்ப்பசையினால் கணப்பொழுதிற் பற்றிப் பெருஞ் சுவாலையாக எரியும். குதிரையும் விறகுப் போறணையும் மறைந்தபின் அதை வெட்டுவாரில்லை. செடி பரந்து ஆட்டு மேய்ச்சல் நிலத்தை விழுங்குகிறது. மேய்ச்சலை மீட்க மலைக் கமக்காரன் கைக்கொள்ளும் பழைய முறை தீ வைத்தல். எரிந்த இடத்தில் இளம்புல் தளிர்க்கும், ஆடு மேயும்.

ஆனால் எப்போது தீ வைப்பது? மழை ஓயாத பனிக்காலத்தில் நனைந்த செடி பற்றாது. மார்ச்சு, ஏப்ரலில் காற்று வறண்டு, சென்ற வருஷத்துப் பட்ட புல் காய்ந்து கிடக்கும். புதுப்புல் இன்னும் தளிர்த்திராது. அந்நாட்டில் காட்டுத் தீயின் பருவம் நாம் நினைப்பதுபோற் கோடையன்று, வசந்தமே. தீ நன்றாக எரியக்கூடிய அதே வாரங்கள்தாம் மலைப் பறவைகள் கூடு கட்டும் வாரங்கள். இதுவே இவ்வழக்கின் முடிச்சு.

அம்முட்புதருக்குள் யார் இருக்கிறார்கள்? இரண்டு கற்களைத் தட்டினாற்போல ஒலியெழுப்பும் ஸ்டோன்சற் இருக்கிறது. செந்நெற்றி லினட் இருக்கிறது. எந்த எதிரியும் நுழைய அஞ்சும் முட்கோட்டை அவற்றுக்கு அது. பக்கத்துப் புல்லிலும் புதரிலும் தரையிலேயே கூடு கட்டும் வானம்பாடியும் நெட்டைக்காலியும் உண்டு. அயர்லாந்திற் குயில் தன் முட்டையைத் திருட்டுத்தனமாக இடுவது பெரும்பாலும் இந்த நெட்டைக்காலியின் கூட்டிலேதான். ஆகவே நெட்டைக்காலியின் கூடு எரிந்தாற் குயிலின் குரலும் குறையும். மலைச்சரிவில் ஹீத்தர்ச் செடிகளுக்கிடையே தரையிற் கூடமைக்கும் ஒருவகைப் பூனைப்பருந்தும் உண்டு. 2022ஆம் ஆண்டில் அயர்லாந்து முழுவதும் நடந்த கணக்கெடுப்பில் உறுதி செய்யப்பட்ட அப்பருந்துச் சோடிகள் 85 மாத்திரமே. ஒரு தேசம் முழுவதற்கும் எண்பத்தைந்து குடும்பங்கள்! அவற்றில் ஒன்று ஒரு பிற்பகல் தீயில் அழிந்தாலும் அது சிறிய நட்டமா?

கில்லார்னியில் மூண்ட தீ

நெருப்பு, வைத்தவன் சொற்கேட்டு நிற்பதில்லை. அயர்லாந்தின் தென்மேற்கே கெரி மாவட்டத்தில் கில்லார்னி தேசிய பூங்கா இருக்கிறது. 1932ஆம் ஆண்டில் மக்ரோஸ் என்ற பெருந்தோட்டம் தேசத்துக்கு நன்கொடையாக அளிக்கப்பட்டபோது உருவான இதுவே அந்நாட்டின் முதல் தேசிய பூங்கா. ஏரிகளும், பழைய ஓக் காடுகளும், செம்மான் கூட்டங்களும் நிறைந்த அவ்விடத்தில் 2021 ஏப்ரல் மாத இறுதியில் தீ மூண்டது. தீயணைப்போரும் பூங்கா ஊழியரும் நாட்கணக்கிற் போராடினர். விமானப்படை ஹெலிகொப்டர்கள் ஏரி நீரை அள்ளிக் கொட்டின. தீ அடங்கியபோது 2,500 முதல் 3,000 ஹெக்டேயர் வரையான நிலம் கரிந்திருந்தது. ஆறாயிரம் ஏக்கருக்கும் மேல்! கூடுகட்டும் பருவத்தின் நடுவிலே அது நிகழ்ந்தது. பறந்து தப்ப இறகுள்ள தாய்ப்பறவை தப்பியிருக்கும். முட்டைக்கும் குஞ்சுக்கும் தப்ப வழியேது? ஊர்ந்து செல்லும் பல்லியும் வண்ணத்துப்பூச்சியின் புழுவும் எங்கே ஓடும்?

தீயினால் எரிவது செடி மாத்திரமன்று. அம்மலைகளில் பல இடங்களில் மண்ணே ஒரு விறகு. ஆயிரக்கணக்கான வருஷங்களாக மக்கிச் சேர்ந்த பீட் என்னும் கரிமண் அது. தீ அதற்குள் இறங்கினால் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள் அடங்கிக் கிடந்த கரி புகையாகி வானத்திற் கலக்கும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. எந்தக் கோர்ஸை அழிக்கத் தீ வைத்தார்களோ, அந்தக் கோர்ஸ் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கக்கூடிய அதன் விதைகளைத் தீயின் வெப்பம் தட்டி எழுப்பிவிடும். நெருப்புக்கு அஞ்சாத எதிரியை நெருப்பால் அழிக்க முயல்வது வீண் வேலையாகவே பல இடங்களில் முடிகிறது.

பாராளுமன்றத்தில் ஒரு பிணக்கு

கமக்காரரின் குறைகளும் பறவைகளின் நிலைமையும் ஒன்றோடொன்று மோதி, முடிவிற் பாராளுமன்றத்துக்கே வந்தன. 2018ஆம் ஆண்டில் நிறைவேறிய மரபுரிமைச் சட்டம், பரீட்சார்த்தமாக, மார்ச்சு மாதத்திற் சில இடங்களில் எரிப்பதற்கும், ஆகஸ்டு மாதத்தில் வீதியோர வேலிகளைக் கட்டுப்பாட்டுடன் வெட்டுவதற்கும் இடமளிக்க அமைச்சருக்கு அதிகாரம் வழங்கிற்று. அச்சட்டத்தைப் பற்றி நாடெங்கும் நீண்ட விவாதம் நடந்தது. பறவைப் பாதுகாப்புச் சங்கத்தார் ஒருபுறமும் விவசாயிகள் மறுபுறமும் நின்று வாதிட்டனர். ஆயினும் 2019ஆம் ஆண்டில், மார்ச்சு மாத எரிப்புக்கு அனுமதி வழங்குவதில்லை என்று அப்போதைய அமைச்சர் ஜோசெஃபா மாடிகன் முடிவு செய்தார். அதற்கு முந்திய 2018ஆம் ஆண்டுக் கோடையில் அந்நாடு கடும் வறட்சியையும் மலைத் தீக்களையும் கண்டிருந்தது.

அயல்நாடான இங்கிலாந்திலும் இதே பிரச்சினை உண்டு. அங்கே விவசாய மானியம் பெறுவோருக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளுள் ஒன்றாக வேலி வெட்டும் தடை முன்னர் இருந்து வந்தது. அந்த மானிய முறை 2023ஆம் ஆண்டோடு முடிவடைந்தபோது தடையும் மறைந்தது. இடைவெளியை நிரப்ப 2024ஆம் ஆண்டில் தனி விதிகள் ஆக்கப்பட்டன. அங்கும் தடைக்காலம் அதே மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரைதான். இரு நாடுகள் தனித்தனியே ஆராய்ந்து ஒரே ஆறு மாதங்களைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன. பஞ்சாங்கத்தைக் குருவிகள் எழுத, சட்டசபைகள் அதைப் பிரதி செய்தன எனலாம்.

இப்பிணக்குக்கு முடிவு என்ன? கமக்காரனையும் குருவியையும் எதிரிகளாக்காத வழி ஒன்றுண்டு. தெருவோரத்து ஆபத்தான கிளைகளைப் பெப்ரவரி முடிவதற்குள் பார்த்து நீக்கிவிட்டால், கோடையில் அவசரம் நேராது. வயலுக்குள் இறங்கமுடியாத வேலியை ஒரு வருஷம் விட்டுவிட்டால் நட்டமில்லை. அது பூத்துக் காய்க்கும். கோர்ஸைத் தீக்கு இரையாக்காமல், அனுமதித்த காலத்திற் பகுதி பகுதியாக வெட்டினால், ஆட்டுக்குப் புல்லும் கிடைக்கும், லினட்டுக்குக் கோட்டையும் மிஞ்சும். இவற்றுக்குக் கூலி வேண்டும், நேரம் வேண்டும். அச்செலவைக் கமக்காரன் தலையில் மட்டும் சுமத்தாமல் தேசம் பகிர்ந்துகொள்வதே முறை. குருவியின் பாட்டைக் கேட்டு மகிழ்வது எல்லோருமாயிருக்க, அதன் வாடகையை மலையிலுள்ள ஏழை மட்டுமா கட்டுவது?

அதே செடி நம் மலையிலே

“அயர்லாந்துச் செடியைப் பற்றி நமக்கென்ன?” என்று எண்ணும் நேயர்களுக்கு ஒரு செய்தி. அந்தக் கோர்ஸ் நம் நாட்டிலும் இருக்கிறது. பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் மலைநாட்டுக்கு வந்த அது, இன்று ஹோட்டன் சமவெளியில் வேண்டாத விருந்தாளியாகப் பரவி, அங்குள்ள இயற்கைப் புல்வெளியை நெருக்குகிறது. அதை வேரோடு பிடுங்கி அகற்றுவதற்குப் பூங்காவினரும் தொண்டர்களும் பாடுபடுகின்றனர். வேலிக்கென்று கொண்டுபோன நியூசிலாந்திலும் அது பெருங் களையாகிவிட்டது. தாய்நாட்டிற் காக்கப்படவேண்டிய செடி, பிற நாட்டில் அகற்றப்படவேண்டிய களை! ஆகவே மாணவர்கள் ஒன்றை நன்கு உணரவேண்டும். இயற்கையைக் காப்பது என்றால் கண்ட செடியையெல்லாம் காப்பது என்று பொருளன்று. எந்த இடத்தில் எந்த உயிர் எதை நம்பி வாழ்கிறது என்று அறிந்து, அதற்கேற்ப நடப்பதே பாதுகாப்பு.

அவ்வறிவைப் பெறுவதற்கு நீங்கள் அயர்லாந்துக்குப் போகவேண்டியதில்லை. ஒரு கொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு வேலியிலோ பாடசாலை மரத்திலோ எந்தக் குருவி, எந்த மாதம், வாயில் நாரும் தும்பும் கௌவிக்கொண்டு பறக்கிறது என்று குறித்து வாருங்கள். கூட்டை நெருங்கவேண்டாம், தொடவும் வேண்டாம், தூரத்தில் நின்று பாருங்கள். இரண்டு வருஷம் எழுதினால் உங்கள் ஊர்க் குருவிகளின் பஞ்சாங்கம் உங்கள் கையில் இருக்கும். அதன்பின் வேலி வெட்ட வருபவரிடம், “அண்ணை, இன்னும் ஒரு மாதம் பொறுக்க முடியுமா?” என்று கேட்கும் தைரியமும் வரும்.

எங்கள் பழைய வளவில் இன்று கதியால் வேலி இல்லை, மதில் எழுந்துவிட்டது. மதிலை வெட்டவும் வேண்டாம், அதிற் கூடு விழுமென்ற பயமும் வேண்டாம். ஆனால் புலுனியும் அங்கே வருவதில்லை. சென்ற முறை ஊருக்குப் போனபோது, பின்பக்கத்து மூலையில் ஒரேயொரு பூவரசு மட்டும் எப்படியோ தப்பி நிற்பதைக் கண்டேன். அதன் கிளை ஒழுங்கைக்குள் நீண்டிருந்தது. வெட்டிவிடலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். கிளையை அண்ணாந்து பார்த்தேன். கூடு ஒன்றும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. பார்வையை நம்பாமல், “இது எந்த மாதம்?” என்று கேட்டேன்.